இலைக்குப் பதினைந்து காசு

1957ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலைக் காட்சியின்போது, மலாக்கா கஜா பெராங்கில் இருந்த கமர் டாக்கீஸில், திரையில் நடந்துகொண்டிருந்த கல்யாணத்தில் பந்தி பரிமாறிய ஆட்கள் அப்படியே திரையைத் தாண்டி இறங்கி வந்து, கொட்டகையில் உட்கார்ந்திருந்த நானூறு பேருக்கும் இலை போட்டுச் சோறு பரிமாறினார்கள். படம் கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இலை கருஞ்சாம்பலாக இருந்தது, சாம்பார் சாம்பல், பாயசம் வெள்ளை, அதில் மிதந்த திராட்சை கறுப்பு. ருசியில் ஒரு குறையும் இல்லை என்று எல்லாருமே சொன்னார்கள். ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கல் என்று முதல் வகுப்பில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் சொன்னார், அவர் எங்கே சாப்பிட்டாலும் ஏதாவது சொல்கிறவர். பந்தி பதினொரு நிமிடம் நடந்தது. பிறகு இலைகள் மடியிலிருந்து மறைந்தன, வயிறு மட்டும் நிறைந்தபடியே இருந்தது. தாம்பூலம் போட்டவர்களுக்கு வாய் கறுத்திருந்தது, அது மறுநாள் பல் தேய்த்ததும் போய்விட்டது.

அதே படம் அதே வாரம் ஈப்போவில் ஓடியது, கிள்ளானில் ஓடியது, பினாங்கில் ஓடியது. அங்கெல்லாம் யாருக்கும் ஓர் அப்பளம்கூட விழவில்லை. கமர் டாக்கீஸ் முன்பு அரிசிக் கிடங்காக இருந்ததால்தான் இப்படி என்று சிலர் சொன்னார்கள். கொட்டகை முதலாளி அப்துல் கய்யூமின் அத்தா அங்கே இருபத்தெட்டு வருஷம் ரங்கூன் அரிசி அடுக்கி வைத்து விற்றவர். அவர் மவுத்தான பிறகு, சப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த சமயத்தில், அரிசி வியாபாரத்தில் கட்டுப்பாடும் கூப்பனும் போட்டுப் பிடுங்கி எடுத்ததில் வெறுத்துப்போய், கய்யூம் கிடங்கின் தகரக் கூரையை உயர்த்தி, பெஞ்சும் நாற்காலியும் போட்டு அதைக் கொட்டகையாக மாற்றினார். நாலு பேர் சந்தோஷமாகச் சிரித்துவிட்டுப் போகிற தொழில், இதில் யார் வந்து நம்மைப் பிடுங்கப் போகிறார்கள் என்று நினைத்தார். பாவம், மனிதர் நல்லவர்.

யார் பிடுங்குவார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லும்போதே வயிறு எரிகிறது. மதராஸில் ஸ்டூடியோ. சிங்கப்பூரில் அதன் கிளை, சந்திரபிம்பா பிக்சர்ஸ் என்று கண்ணாடிக் கதவில் தங்க எழுத்து. ஊர் ஊராகக் கொட்டகைக்காரர்கள் அந்தக் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓடுகிற படம் ஒன்று வேண்டுமென்றால் ஓடாத படம் ஐந்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், மாட்டேன் என்றால் ஓடுகிற படம் அடுத்த தெருக் கொட்டகைக்குப் போகும். டிக்கெட் வசூலில் கேளிக்கை வரி போக மீதியில் நூற்றுக்கு எழுபது கம்பெனிக்கு. கொட்டகைக்காரனுக்கு முப்பது. அந்த முப்பதிலும் சுவரொட்டிச் செலவு, பத்திரிகை விளம்பரச் செலவு, ரீல் பெட்டி ரயிலில் வந்த கூலி, டிக்கெட்டை எண்ணுவதற்குக் கம்பெனி அனுப்புகிற ஆளுக்குத் தங்க இடம், சாப்பாடு, சலவை, எல்லாம் கொட்டகைக்காரன் தலையில். அடப்பாவிகளா, என்னை நம்பாமல் என்னைக் காவல் காக்க வருகிறவனுடைய வேட்டியையும் நான்தான் வெளுத்துக் கொடுக்க வேண்டுமா என்று கய்யூம் ஒரு தடவை கேட்டே விட்டார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

கணக்காகவே சொல்லிவிடலாம். வாரத்துக்குப் பதினேழு காட்சி, பதினேழும் நிறைந்தால் மூவாயிரத்து நானூறு வெள்ளி, மலாயாவில் டாலரை அப்படித்தான் சொல்வார்கள். வரி அறுநூற்றெண்பது. கம்பெனிப் பங்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு. மேற்படி செலவுகள் இருநூற்றைம்பது. மெஷின் ஓட்டுகிறவர், கதவுக்காரர்கள், கூட்டுகிறவர் சம்பளம், மின்சாரம், மெஷின் விளக்குக்குக் கரிக்குச்சி எல்லாம் ஐந்நூற்று நாற்பது. கய்யூமுக்கு மிச்சம் இருபத்தாறு வெள்ளி. நானூறு பேர் உட்காருகிற கொட்டகையை ஒரு வாரம் முழுக்க நிறைத்தவனுக்கு இருபத்தாறு வெள்ளி! அப்படியானால் அவர் குடும்பம் எதில் சாப்பிட்டது? கொட்டகை வாசலில் அவர் மனைவி ரஹீமா நடத்திய பலகாரக் கடையில். கச்சான் என்று அங்கே சொல்கிற வேர்க்கடலை, வடை, சர்பத், தேநீர். அதில் கம்பெனிக்குப் பங்கில்லை, எப்படியோ அதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். இடைவேளையில் நானூறு பேர் எழுந்து வந்தால் வாரத்துக்கு ஐந்நூறு வெள்ளி. அதில் வீடு நடந்தது, மகள் நஜ்முன்னிசாவின் கல்யாணத்துக்கென்று ரஹீமா ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்ததும் அதிலிருந்துதான்.

இந்தப் படத்துக்கு முன்பணம் மூவாயிரம் கேட்டார்கள். கய்யூமிடம் இல்லை. சரி, பணம் வேண்டாம், கொட்டகைப் பத்திரத்தை ஈடாக வையுங்கள் என்றார் சிங்கப்பூர் கிளை மானேஜர் சேதுராமன். வெள்ளைக் கால்சட்டையும் பவுண்டன் பேனாவுமாக இருப்பார், பேச்சு தேன் மாதிரி. பன்னிரண்டு வாரம் படம் ஓட வேண்டும், கம்பெனிக்குச் சேர வேண்டிய எந்தப் பாக்கி நின்றாலும் கடைசி நாளன்று கொட்டகை கம்பெனிக்கு. அந்த ‘எந்தப் பாக்கி’ என்ற வார்த்தைக்குள் என்னென்ன நுழையும் என்று கய்யூமுக்கு அப்போது தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

படத்தின் கதை பதினெட்டு ரீல். தம்பிராஜா என்ற ஒரு மானஸ்தர், தன் ஒரே மகள் விஜயாவுக்குக் கல்யாணம் வைக்கிறார். ஒன்பதாவது ரீலில் பந்தி. பத்தாவது ரீலில், ஜனங்கள் கை கழுவுகிற நேரத்தில், வீட்டை ஈடு வாங்கிய வட்டிக்காரன் ஜப்தி ஆட்களோடு வந்து நிற்கிறான். இருபதாயிரம் ரூபாய், இப்போதே. தம்பிராஜா கையைக் கூப்பிக்கொண்டு, வந்திருப்பவர்களில் யாராவது உதவ மாட்டீர்களா என்று நேரே நம் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். யாரும் எழுந்திருப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் போய்விடுகிறார்கள். அதற்கப்புறம் எட்டு ரீலுக்கு அழுகை, பைத்தியம், சாவு. அந்த எட்டு ரீலுக்காகத்தான் பெண்கள் திரும்பத் திரும்ப வருவார்கள் என்று கம்பெனி கணக்குப் போட்டிருந்தது. மலாக்காவில் ஒன்பதாவது ரீலுக்காக வந்தார்கள்.

வந்தார்களா, எப்படி வந்தார்கள்! புக்கிட் காதிலிலிருந்து சைக்கிளில், பத்து பெரெண்டாம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து லாரியில், ஜாசினிலிருந்து பஸ்ஸில். மரக்கறிச் சாப்பாடுதானே என்று பள்ளிவாசல் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். தலைமுறைகளுக்கு முன்பே மலாய் பேசப் பழகிவிட்ட கஜா பெராங் செட்டிகள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், அவர்களுக்குத் தமிழ் வசனம் அவ்வளவாகப் புரியாது, பந்திக்கு வசனம் எதற்கு. மலாய்க்காரர்கள் இதைத் தங்கள் வீட்டு விருந்தைப் போலக் கெண்டுரி என்றார்கள், சீனர்கள் பாயசத்தை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினார்கள். பன்னிரண்டு வாரமும் இடைவிடாமல் கொட்டகை நிறைந்தது. வாசலில் ரஹீமா, வடைத் தட்டுக்கு முன்னால், ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விருந்து சாப்பிட்டு ஏப்பம் விட்டு வருகிறவன் கச்சான் வாங்குவானா? இரண்டாவது வாரம் கடை வியாபாரம் பதினொரு வெள்ளி. ‘இங்க பாருங்க, ஊரே வந்து திங்குது, நம்ம வீட்டுல ஒல வைக்க வழியில்ல’ என்று ரஹீமா சொன்னார். அன்று பகல் காட்சிக்குக் குடும்பத்தோடு உள்ளே போய் உட்கார்ந்து கய்யூமும் சாப்பிட்டார். சொந்தக் கொட்டகையில் மூன்று டிக்கெட் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, இலவசமாக உள்ளே விட்டால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

கம்பெனி அனுப்பிய ஆள் கருணாகரன். முப்பது வயது இருக்கும், வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, டிக்கெட்டின் பாதியைக் கம்பியில் குத்திக் குத்தி எண்ணுவான். கெட்டவன் இல்லை, வேலை அப்படி. நடந்தது நடந்தபடி அவன் ஒவ்வொரு திங்களும் சிங்கப்பூருக்கு எழுத வேண்டும், எழுதினான். இன்ன தேதி, இத்தனை டிக்கெட், இத்தனை இலை. மூன்றாவது வாரம் சேதுராமன் காரில் வந்து இறங்கினார். பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தரம் ரசம் வாங்கி, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, கய்யூமைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். படம் கம்பெனியுடையது. படத்தில் உள்ள கல்யாணம் கம்பெனியுடையது. ஆகவே சோறும் கம்பெனியுடையது. இலைக்குப் பதினைந்து காசு, முதல் நாளிலிருந்து.

‘நீங்க அரிசி வாங்குனீங்களா? அடுப்பு மூட்டுனீங்களா?’ என்று கய்யூம் கேட்டார்.

‘அந்த சீன் எடுக்க மதராஸ்ல செலவாகியிருக்கே பாய். ஜனங்ககிட்ட வசூல் பண்ணிக்குங்க, யார் வேணாம்னா?’

சோற்றுக்குக் காசு வாங்குவதா! கந்தூரி நாளில், ஊருக்கே சோறு போடும் அன்று, கய்யூமின் அத்தா நடுத் தெருவில் நின்று போகிறவன் வருகிறவனையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து பொதுத் தட்டான சஹனைச் சுற்றி உட்கார வைத்தவர். உட்கார வைத்து இலை போட்டபின் காசு கேட்கிற வம்சத்தில் நான் பிறக்கவில்லை, உன் கம்பெனி பிறந்திருக்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சேதுராமன் கோபப்படவில்லை. அப்படிப்பட்டவர்கள் கோபப்படுவதே இல்லை, அதுதான் எரிச்சல். நீங்கள் வசூலித்தாலும் சரி, வசூலிக்காவிட்டாலும் சரி, பாக்கி பாக்கிதான் என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். பன்னிரண்டு வாரத்துக்கு எண்பத்தோராயிரத்து அறுநூறு இலை, பன்னிரண்டாயிரத்து இருநூற்று நாற்பது வெள்ளி. ஆகஸ்ட் இருபத்தொன்பது, வியாழக்கிழமை கட்டி முடிக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டகை கம்பெனிக்கு. காரில் ஏறும்போது பாயசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் அப்பாசாமி வந்தார். நகரசபையில் சாலை மேஸ்திரி, வாரத்துக்கு இரண்டு தடவை மனைவி மக்களோடு படத்துக்கு வருகிறவர். நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, காட்சி முடிந்து வெளியே வந்தவர் வாசலில் நின்றுகொண்டு போக மனமில்லாமல் வேட்டி முனையை முறுக்கிக்கொண்டிருந்தார். என்ன என்று கய்யூம் கேட்டார்.

‘பாய், ஆறு தடவ சாப்பிட்டாச்சு. மொய் எங்க எழுதுறது?’

கய்யூம் சிரித்தார். படத்துக்குத்தான் டிக்கெட் வாங்கிவிட்டீர்களே என்றார். அப்பாசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘டிக்கெட் படத்துக்கு லா. கல்யாண வீட்டுல கை நனைச்சிட்டு மொய் வைக்காம போனா என் பொண்டாட்டி வூட்டுல என்னைய மனுசனா மதிப்பாங்களா?’ என்று மடியிலிருந்து ஐந்து வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஆமாம், அதானே என்றார்கள். பல பேர் மனத்தில் இது உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது, கேட்க வெட்கம். மறுநாள் கய்யூம் வாசலில் ஒரு மேசை போட்டு, சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைத்து, ஒரு நோட்டுப் புத்தகமும் பழைய பிஸ்கட் டின் ஒன்றும் வைத்தார். எழுத ஆள் வேண்டுமே. கருணாகரன், இடது கையால் டிக்கெட்டைக் கம்பியில் குத்திக்கொண்டே, வலது கையால் மொய் எழுதிக் கொடுத்தான். இன்னார், இன்ன ஊர், இத்தனை. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி, ஐம்பது காசு. தோட்டத்துப் பெண் ஒருத்தி இருபது காசு எழுதிவிட்டு, அடுத்த சம்பளத்துக்கு மீதியை எழுதுகிறேன் என்று சொல்லிப் போய், சொன்னபடி வந்து எழுதினாள். டின் நிறைந்தால் ரஹீமா அதை வீட்டுப் பெட்டியில் கொட்டி எண்ணி வைப்பார். அதில் ஒரு காசு எடுத்து ஒரு தேங்காய் வாங்கவில்லை. தம்பிராஜா வீட்டு மொய் நம்மிடம் நம்பி ஒப்படைத்த அமானத்தாக இருக்கிறது என்றுதான் கய்யூம் நினைத்தார்.

இது கருணாகரன் எழுதிய கடிதத்தில் போகாமல் இருக்குமா? வேலைக்காரன், எழுதினான். சிங்கப்பூரிலிருந்து பதிவுத் தபால் வந்தது. மொய்யும் படத்தால் வந்த வருமானமே, ஆகவே அதிலும் நூற்றுக்கு எழுபது.

மொய்யில் பங்கு! இப்படி ஒரு வார்த்தையை மனிதன் வாயால் சொல்ல முடியும் என்றே கஜா பெராங்குக்கு அதுவரை தெரியாது. ஒருவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழ்த்தி வைத்த காசில் இன்னொருவன் சதவிகிதம் கேட்கிறான். சேதுராமன் மட்டும் அன்று ஊரில் இருந்திருந்தால் அவருடைய வெள்ளைக் கால்சட்டை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருக்காது. பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அப்பாசாமி கடிதத்தை வாங்கி நாலாக மடித்து, ஆட்டம் கண்ட மொய் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். கருணாகரன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். கடிதத்தில் இருந்தது இந்த ஊருக்குத்தான் புதுசு, அவனுக்கு இல்லை. அன்று மாலை கய்யூமிடம் அவன் சொன்னது இதுதான். மலாயா முழுக்க இந்தப் படம் இரண்டரை லட்சம் வெள்ளி வசூலித்திருக்கிறது. கம்பெனிப் பங்கு சிங்கப்பூர் கிளைக்கு வரும், கிளை தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மதராஸுக்கு அனுப்பும். மதராஸில் அதிலிருந்து பிரிண்ட் செலவு, வட்டி, ஆபீஸ் வாடகை, முதலாளியின் கார், முதலாளி மச்சானின் கார், ஓடாத ஐந்து படத்தின் நஷ்டம், எல்லாவற்றையும் கழிப்பார்கள். கடைசியில் படம் நஷ்டம் என்று வரும். கதை எழுதியவருக்கு இலாபத்தில் நூற்றுக்குப் பத்து என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இலாபம் என்று ஒன்று வந்தால்தானே! அந்த மனிதர் மயிலாப்பூரில் வாடகை கொடுக்க முடியாமல் மூன்றாவது வீடு மாறியிருக்கிறார்.

‘வெளியாகுறதுக்கு முன்னாடியே நஷ்டக் கணக்கு தயாரா இருந்துச்சு பாய். நான்தான் டைப் அடிச்சேன்’ என்றான் கருணாகரன்.

நாள் ஓடியது. ஊரெல்லாம் புதுக் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள், சனிக்கிழமை நாடு சுதந்திரம் பெறப் போகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, கய்யூமின் கெடு. புதன்கிழமை மத்தியானம் ரஹீமா பெட்டியைத் திறந்து கடைசித் தடவை எண்ணினார். பன்னிரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. கம்பெனி கேட்டதற்கு எழுபத்தேழு வெள்ளி கூடுதலாகவே இருந்தது. அவர் எண்ணி முடித்துவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தார்.

‘குடுத்துட்டுக் கொட்டாயக் காப்பாத்துங்க. படத்துல இருக்குறவங்க வந்து கேக்கவா போறாங்க? நமக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்கு.’

கய்யூம் கத்தினார், அமானத்தைத் தொடச் சொல்கிறாயா என்று. பிறகு கத்துவதை நிறுத்திவிட்டார். கொட்டகை போனால் வேறு என்ன இருக்கிறது? கிடங்கு போய், கடை போய், பலகாரத் தட்டோடு அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டும். நஜ்முவுக்குப் பதினேழு வயது. நாளைக்குப் பகல் காட்சி முடிந்ததும் கட்டிவிடுகிறேன் என்று சொன்னார்.

வியாழக்கிழமை மூன்று மணிக் காட்சிக்குச் சேதுராமன் வந்து முதல் வகுப்பில் உட்கார்ந்தார், மடியில் தோல் பை, பைக்குள் பத்திரம். கய்யூம் பிஸ்கட் டின்னும் இரண்டு துணிப் பைகளும் மொய் நோட்டுமாகப் பின்வரிசை ஓரத்தில் நின்றார். ஒன்பதாவது ரீல் வந்தது, பரிமாறுகிறவர்கள் இறங்கினார்கள். சேதுராமன் சாப்பிட்டார். நானூறு பேரும் சாப்பிட்டார்கள். பத்தாவது ரீலில் வட்டிக்காரன் வந்தான். கய்யூம் இந்த இடத்தை இருநூற்றுச் சொச்சம் தடவை பார்த்தவர், எப்போதும் இந்த இடத்தில் வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வருவார். அன்று கையில் பணம் இருந்ததால் போகவில்லை. தம்பிராஜா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பி, கொட்டகையைப் பார்த்துக் கேட்டார். வந்திருப்பவர்களில் யாராவது.

பன்னிரண்டு வாரமாகச் சேர்ந்த கோபமெல்லாம் கய்யூமுக்கு ஒன்றாகப் பொங்கி வந்தது. ‘உன் காசுய்யா இது! உன் வீட்டு மொய்! உன்கிட்டக் குடுக்காம எவன்கிட்டக் குடுக்கப் போனேன், த்தூ!’ என்று தன்னையே திட்டிக்கொண்டு நடுப் பாதையில் நடந்தார். சேதுராமன் எழுந்து, பாய், அது கம்பெனிப் பணம், நில்லுங்கள் என்று கையைப் பிடித்தார். கய்யூம் அந்தக் கையை உதறிய உதறலில் தோல் பை மூன்று வரிசை தள்ளிப் போய் விழுந்தது. திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறி டின்னையும் பைகளையும் மொய் நோட்டையும் நீட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. வயதான கை.

எண்ண நேரம் பிடித்தது. அன்றைய மாற்று விலை நூறு வெள்ளிக்கு நூற்றைம்பத்தைந்து ரூபாய் என்று கருணாகரன் வாசலிலிருந்து ஓடி வந்து சொன்னான், கணக்குப் போட்டும் சொன்னான். இருபதாயிரம் ரூபாய்க்குப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று வெள்ளி வேண்டும். ஐந்நூற்று எண்பத்தாறு குறைகிறது. வட்டிக்காரன் பல்லைக் காட்டினான். ஜனங்கள் மடியைத் தடவினார்கள், எல்லாரும் இருந்ததை ஏற்கெனவே எழுதியவர்கள். அப்போது ரஹீமா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஊரே பார்க்க நடுப் பாதையில் வந்தார். கையில் கைக்குட்டை முடிச்சு. புருஷனைப் பார்க்கவில்லை. முடிச்சை மேடையில் அவிழ்த்து எண்ணி, மீதி நாற்பது வெள்ளியை மறுபடி முடிந்துகொண்டு, ‘ஆம்பளைங்க எல்லாம் வேடிக்க பாக்குறீங்க’ என்று மட்டும் சொன்னார். தம்பிராஜா நோட்டைத் திறந்து, அம்மா, பெயர் என்ன என்று கேட்டார். அவர் சொன்னதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். ரஹீமா, கமர் டாக்கீஸ், 586.

மேலே மெஷின் அறையில் ரீல் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சக்கரம் வெறுமனே சுற்றியது, படம் மட்டும் நிற்கவில்லை. வட்டிக்காரன் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். மாப்பிள்ளை வீட்டார் வாசல் வரை போனவர்கள் திரும்பினார்கள். கெட்டி மேளம் கொட்டியது, கமர் டாக்கீஸில் நானூறு பேரும் எழுந்து நின்று அட்சதை போட்டார்கள், அட்சதை கிடைக்காதவர்கள் ரஹீமா கடைக் கச்சானைப் போட்டார்கள். பிறகு திரை வெள்ளையாகிவிட்டது. தம்பிராஜாவும் பெண்ணும் மாப்பிள்ளையும், சீர்ப் பாத்திரங்களும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக, பக்கத்துப் படியில் இறங்கி வந்து, பஸ் எங்கே நிற்கும் என்று அப்பாசாமியிடம் கேட்டார்கள்.

மாலைக் காட்சிக்குப் படம் இல்லை. ஒன்று முதல் பதினெட்டு வரை எல்லா ரீலும் வெள்ளை. நீ வெட்டிவிட்டாய் என்று கய்யூமைப் பார்த்துச் சேதுராமன் குதித்தார். அதே நேரத்தில் ஈப்போவில் வெள்ளை, கிள்ளானில் வெள்ளை, பினாங்கில் பாதிக் காட்சியில் வெள்ளையாகி நாற்காலிகளை உடைத்துவிட்டார்கள் என்று தந்திமேல் தந்தி வந்தது. மதராஸில் பெட்டிக்குள் இருந்த மூல நெகட்டிவும் வெறுமை. கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது, அழுவதற்கு எட்டு ரீல் எங்கிருந்து வரும்? கம்பெனி வழக்குப் போட்டது. மலாக்காவின் ஒரு வக்கீல் ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்து, கடைசி நாளின் கடைசிக் காட்சி வரை பதினெட்டு ரீலும் முழுசாகக் கொடுக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு, தவறினால் எல்லாப் பாக்கியும் ரத்து என்ற வரியைக் கண்டுபிடித்தார். அதைக் கம்பெனிதான் எழுதியிருந்தது, கொட்டகைக்காரன் ஒருநாளும் கேட்க மாட்டான் என்ற தைரியத்தில். பத்திரம் நவம்பரில் பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. கருணாகரன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கமர் டாக்கீஸில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தான். கம்பெனியின் அந்த வருஷக் கணக்கில் படம் நஷ்டம் என்று இருந்தது. அந்தக் கணக்கில் உண்மையாக இருந்த வரி அது ஒன்றுதான் என்று அவன் சொல்வான்.

சனிக்கிழமை சுதந்திர தினத்தன்று பாடாங் மைதானத்தில் கூடிய கூட்டத்தில், சாம்பல் நிறத்தில் மூன்று பேர் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அன்று அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. அவர்கள் புக்கிட் பாருவில் வீடு எடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பொதுப்பணி இலாகாவில் வேலை கிடைத்தது, அடையாள அட்டைப் படத்துக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அடுத்த வருஷம் விஜயாவுக்குப் பிறந்த பெண் குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போல மாநிறம். தம்பிராஜா மொய் நோட்டைத் தலைமாட்டில் வைத்திருந்தார். அதில் பெயர் உள்ள வீட்டில் எங்கே விசேஷம் என்றாலும், தோட்டத்து லயத்து வீடாக இருந்தாலும், பஸ் ஏறிப் போய், எழுதியதோடு ஒரு வெள்ளி கூட்டி எழுதிவிட்டு வருவார். இருபது காசு எழுதிய பெண்ணின் மகன் காதுகுத்துக்கும் போனார்.

நஜ்முன்னிசாவின் நிக்காஹ் 1960இல், கமர் டாக்கீஸிலேயே, நாற்காலிகளை ஒதுக்கி ஜமக்காளம் விரித்து நடந்தது. பிரியாணியின் வாசனை புக்கிட் காதில் வரைக்கும் போனதாகச் சொல்வார்கள், அது கொஞ்சம் அதிகம். தம்பிராஜா சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்தார், அவருக்கென்று ரஹீமா தனியாக மரக்கறி சமைத்திருந்தார், ரசத்தில் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டு. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மேசையில் கருணாகரன் நோட்டோடு இருந்தான். தம்பிராஜா மடியிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார், ஐந்நூற்று எண்பத்தேழு. மொத்தமும் வெயிலில் மங்காத நல்ல பச்சை நோட்டு, சிவப்பு நோட்டு. பெயர் என்று கருணாகரன் வழக்கத்துக்காகக் கேட்டான். தம்பிராஜா, புக்கிட் பாரு என்று அவர் சொன்னார். அவன் எழுதிக்கொண்டான், அதில் யாரும் பங்கு கேட்கவில்லை.